இடது பின்மூலை

போன வாரம் நான் பட்டறைக்கு வந்திருந்தபோது உங்களுக்கு ஒரு பார்சல் வந்தது. பாகங்களை ஒட்டிச் செய்யும் சின்ன ரெசின் கார் கிட். நீங்கள் பிரித்த வேகத்தில் அட்டை ஒரு பக்கம், பஞ்சு ஒரு பக்கம் பறந்தது. எனக்குக் கொடுத்த டீ ஆறுவதற்குள் வார்ப்பில் ஒட்டியிருந்த வால்களை நறுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பசைப் புட்டியையும் திறந்துவிட்டீர்கள். அவசரம் வேண்டாம் என்று சொல்ல வந்தேன். வாயைத் திறந்தால், ஓய்வு பெற்ற பிறகும் அக்கா விடமாட்டேன் என்கிறாள் என்று சிரிப்பீர்கள். பேசாமல் டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ரெசினைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திரவமாக அச்சில் ஊற்றி இறுகவைப்பது. தொழிற்சாலையில் அடித்துத் தள்ளும் பிளாஸ்டிக் கிட் போல ஒன்றைப்போல் ஒன்று வராது. யாரோ ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வார்த்திருப்பார். அன்றைய வெயில், அன்றைய ஈரம், அவருடைய அவசரம் எல்லாம் அதில் இருக்கும். அதனால் பெட்டி வந்த முதல் நாள் பசையைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். கறுப்புத் துணியை விரித்துப் பாகங்களைப் பரப்புவேன். எங்கே குமிழி, எங்கே மெலிவு என்று பார்ப்பேன். கடைசியாகக் காரின் உடலைத் தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் வைத்து எந்த மூலை தூக்கி நிற்கிறது என்று குனிந்து பார்ப்பேன். குறைகளைத் திருத்தத்தான் இந்தச் சோதனை என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், தாணு அண்ணாச்சியின் கார் வரும் வரை.

அப்போது பட்டறை இப்போது இருக்கிற இடத்தில் இல்லை. கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. கட்டடக்காரர்களுக்கு ஃபிளாட் மாதிரிகள், விழிஞ்ஞத்துக்குத் துறைமுக மாதிரி என்று சோறு போட்ட வேலைகள் வேறு. கார்கள் எப்போதாவது வரும். நானும் கிரிஜாவும் அவற்றுக்காகவே காத்திருப்போம். கிரிஜா பெயின்ட் பிரிவு. ஒரு தூசி விழுந்தால்கூட முழுப் பூச்சையும் துடைத்துவிட்டு மறுபடி அடிப்பவள்.

தாணு அண்ணாச்சி மாடிப்படி ஏறி வருவதற்கு முன்பே அவர் கொண்டுவந்த பெட்டியின் சத்தம் வந்தது. உள்ளே பாகங்கள் கலகலவென்று ஆடிக்கொண்டிருந்தன. அவர் அதை மேஜையில் வைத்துக் கையை எடுத்த பிறகுதான் சத்தம் நின்றது. எழுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. இரண்டு கையும் நடுங்கின, வலது கை கூடுதலாக.

"நீ பகவதிதானே? நாகர்கோயில்காரி ஒருத்தி இங்க காரு ஒட்டுதான்னு சொன்னாங்க."

"நான்தான் அண்ணாச்சி. உக்காருங்க."

சாலைக் கடைத்தெருவில் மோட்டார் உதிரிபாகக் கடையில் ஆயுசு முழுக்கக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். இளவட்டத்தில் நண்பர்களோடு சென்னைக்குப் போய் அங்கே ஒரு பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் பார்த்திருக்கிறார். அன்று பிடித்த பைத்தியம். கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து இந்தக் கிட்டை வாங்கினார். உள்ளங்கையில் அடங்கும் பந்தயக் கார், தட்டையான நீண்ட உடல், கூரை இல்லாதது. நிதானமாக உட்கார்ந்து செய்யலாம் என்று வைத்திருந்தாராம். அதற்குள் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. முப்பது வருஷமாகப் பெட்டியைத் திறப்பார், பார்ப்பார், மூடுவார். வார்த்தவர் எப்போதோ தொழிலை விட்டுவிட்டார். இன்னொன்று எங்கேயும் கிடைக்காது.

"தீபாவளி கழிஞ்சு தலையில ஒரு ஆப்பரேஷன்" என்றார். "கை நடுக்கம் நிக்கும்னு சொல்லுதாங்க. பேச்சு குழறினாலும் குழறுமாம். எல்லாத்துக்கும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டாச்சு. அந்தக் கையெழுத்தை நீ பாக்கணும்!" அவரே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோனது. "அதுக்கு முன்னால இதை முழுசாப் பாத்துரணும் மக்ளே. பொறவு நான் எப்படி ஆவேனோ. இப்ப இருக்கிற ஆளா இருந்து பாக்கணும்."

இப்படிச் சொல்லிவிட்டுப் பெட்டியை நம்மிடம் தள்ளினால் நமக்குக் கை ஓடாது. அவர் எதிரிலேயே துணியை விரித்துச் சோதித்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். முன் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, புதிதாகச் செய்ய வேண்டும். எண் ஒட்டிகள் மஞ்சளித்திருந்தன, ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டிவைத்தால் வெளுக்கும். உடலைக் கண்ணாடித் துண்டில் வைத்தபோது இடது பின்மூலை தூக்கி நின்றது. கீழே ஒரு தாள் நுழையும். அடித்தட்டைப் பொருத்திப் பார்த்தேன். அதுவும் அதே மூலையில் அதே அளவு தூக்கியிருந்தது. இடையில் வளைந்ததல்ல, அச்சிலேயே பிறந்த கோணல் என்று தெரிந்தது.

"பூஜை கழிஞ்சதும் இதை அமுக்கிச் சரிபண்ணிரலாம் அண்ணாச்சி."

"பண்ணு. இல்லைன்னா விடு. ஓட்டம் ஓடுன காரு ஒரு பக்கம் சாயாமலா இருக்கும்?"

பூஜை என்று நான் சொன்னது நவராத்திரியை. இங்கே அஷ்டமி அன்று மாலை புத்தகத்தையும் ஆயுதத்தையும் பூஜைக்கு வைத்தால் விஜயதசமி காலையில்தான் எடுப்போம். இடையில் தொடக் கூடாது. எங்கள் பட்டறையில் கத்தி, அரம், இடுக்கி, ஸ்ப்ரே எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து வரிசையாக அடுக்குவோம். கையிலிருக்கும் வேலையில் ஏதாவது ஒன்றையும் கூட வைப்பது வழக்கம். அந்த வருஷம் எது என்று கேட்க வேண்டியதே இல்லை. அலங்காரம் கிரிஜாவின் பொறுப்பு. பித்தளைத் தாம்பாளத்தின் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் காரின் உடலை வைத்து, சுற்றிலும் பூவும் அகல் விளக்குகளுமாக அவள் ஜோடித்திருந்தாள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நானே போட்டோ எடுத்தேன். அகல்கள் இவ்வளவு பக்கத்தில் எரிகின்றனவே என்று எவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் நவமி, பட்டறை விடுமுறை. மாலையில் விளக்கேற்றப் போன கிரிஜா போனில் அழைத்தாள். அழுகையில் பாதிதான் புரிந்தது. நான் ஓடினேன். முந்தின இரவு எரிந்த அகல்களின் சூட்டைத் தாம்பாளம் வாங்கி, கிண்ணம் வாங்கி, ரெசின் வாங்கியிருக்கிறது. காரின் மூக்கும் வாலும் கிண்ணத்தின் இரண்டு பக்கமும் தணலில் வாட்டிய வாழையிலைபோல மடங்கித் தொங்கின.

"என்டெ ஈஸ்வரா, ஞான்தான் சேச்சி, ஞான்தான் விளக்கு வெச்சது" என்று அவள் சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

முதலாளி வந்தார். பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் வியாபாரி. "கஸ்டமரோடு இப்போ ஒண்ணும் பறைய வேண்டா" என்றார். "பகவதி, நீ எடுத்து நேரே ஆக்கு. சரியானா அவர் அறியவே மாட்டார். சரியாகல்லேன்னா அப்போ நோக்காம்."

என் கை தாம்பாளத்தை நோக்கி நீண்டுவிட்டது. அத்தனை பக்தி உள்ளவள் இல்லை நான். எடுத்து, அப்படியே நிமிர்த்தி, இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கிவிட்டால் என்ன என்றுதான் மனசு போயிற்று. அதே சமயம் அந்தக் கலகலச் சத்தமும் காதில் கேட்டது. பொருள் அவருடையது. அது கெட்டுப்போன செய்தியும் அவருடையதுதான். கையை இழுத்துக்கொண்டு போனை எடுத்தேன். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் சொல்லி முடித்ததும் "தொடாத. நான் வாறேன்" என்றார்.

கரமனை வீட்டிலிருந்து ஆட்டோவில் வந்தார். தாம்பாளத்துக்கு எதிரில் நாற்காலி போட்டேன். உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்காலிக் கையில் அவருடைய விரல்கள் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தன.

"முப்பது வருஷம் நான் வச்சிருந்தேன்" என்றார். "ஒண்ணும் ஆகல்லியே."

கிரிஜா எழுந்து வந்து அவர் காலருகில் அழுதபடி நின்றாள். எனக்கும் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, "இப்பவே எடுத்து நிமித்திப் பாக்கட்டா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவர் கிரிஜாவை நிமிர்ந்து பார்த்தார். "வேண்டாம். பூஜைக்கு வச்சதை இடையில எடுத்து, அது ஒடிஞ்சுன்னு வை, தெய்வ குத்தம்னு இந்தப் பிள்ளை ஆயுசுக்கும் சங்கடப்படும். விடிஞ்சு எடுத்து ஒடிஞ்சா, ஒடிஞ்சதுதான். ரெண்டும் ஒண்ணில்ல, பாத்துக்கோ."

எல்லாம் கெட்டுக் கிடக்கும்போது கெடுத்தவளைப் பற்றி யோசிக்க அவரால் முடிந்தது. என்னால் அந்த நேரத்தில் முடிந்திருக்காது, இன்றும் முடியுமா என்று தெரியவில்லை.

அகல்களை அப்புறப்படுத்திவிட்டு நான் தரையில் உட்கார்ந்தேன். தொடக் கூடாது என்றான பிறகு பார்ப்பது ஒன்றுதான் வேலை. குனிந்து, சாய்ந்து, டார்ச் அடித்து எல்லாப் பக்கமும் பார்த்தேன். முதல் பார்வையில் தெரியாதது மெல்ல மெல்லத் தெரிந்தது. கதவுக் கோடுகள் அப்படியே இருந்தன. மூக்கின் மேல் வரிசையாக இருக்கும் ஆணித் தலைகள், கடுகைவிடச் சிறியவை, ஒன்றுகூட மழுங்கவில்லை. அப்படியென்றால் ரெசின் உருகவில்லை, தளர்ந்து மட்டும் இருக்கிறது. உருகியது போனதுதான். தளர்ந்ததை மறுபடி சுட வைத்தால், யாரும் பிடித்து இழுக்காமலிருந்தால், அது அச்சில் இறுகிய உருவத்துக்கே திரும்பப் பார்க்கும். இன்னொன்றும் தெரிந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் விளிம்பு ஈர்க்குச்சி அளவுக்கு மெலிந்திருந்தது. ஆறிய நிலையில் நான் நிமிர்த்தியிருந்தால் முதலில் முறிந்திருப்பது அதுதான்.

"வெந்நீர்ல போடணும் அண்ணாச்சி. ஆனா இடுக்கியால பிடிக்கக் கூடாது, சூட்டுல தடம் விழுந்துரும். ஓட்டை போட்ட அகலமான கண்ணாப்பை இருந்தா அதுல சும்மா கிடத்தி இறக்கலாம்."

"எங்க வீட்டுல பப்படம் பொரிக்கிறது இருக்கு. கொண்டாறேன்" என்றார்.

விஜயதசமி காலையில் பூஜை எடுத்தோம். அவலும் பொரியும் சாப்பிட்டோம், யாருக்கும் ருசி தெரிந்திருக்காது. அண்ணாச்சி கண்ணாப்பையோடு வந்திருந்தார். விடிந்ததும் அடுப்படியில் தேடினால் மனைவி வேறு என்ன நினைப்பாள், இன்றைக்குச் சமையல் நீங்கள்தானோ என்று கேட்டாளாம். டீ போடும் பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சற்று ஆறவிட்டேன். கண்ணாப்பையை கிரிஜாவிடம் நீட்டினேன். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் பிடிக்கட்டா?" என்றார் அண்ணாச்சி.

முதலாளி என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது. கொட்டிவிட்டால் கை வெந்துபோகும், கார் தரையில் கிடக்கும். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்தேன். அசையாமல் பிடித்தால் உடல் கண்ணாப்பையிலேயே படிந்துகிடக்கும், அடியில் ஒரு சூடு, மேலே ஒரு சூடு. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெந்நீர் பட வேண்டும், ஓர் இடத்திலும் அழுத்தம் விழக் கூடாது. அதற்கு லேசாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். நான் ஆட்டினால் வேண்டுமென்றே ஆட்டுவேன், கூடிப்போகும், குறைந்துபோகும். பாத்திரத்தை மேஜை விளிம்பிலிருந்து உள்ளே நகர்த்தி, அவர் முழங்கையை மடித்த துண்டின் மேல் ஊன்றவைத்து, கண்ணாப்பையை அவர் கையில் கொடுத்தேன்.

கார் தண்ணீரில் இறங்கியது. அவர் கை தன் பாட்டுக்கு நடுங்கியது. தண்ணீரின் மேல் சின்னச் சின்ன வளையங்கள் பாத்திரத்தின் விளிம்பு வரை போய் வந்தன. கண்ணாப்பையில் கார் எங்கும் ஒட்டாமல், எதிலும் மோதாமல் தொட்டிலில் கிடப்பதுபோல ஆடியது. முதலில் மூக்கு அசைந்தது. ஒருவேளை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று பார்த்தேன். இல்லை, எழுந்துகொண்டிருந்தது. பிறகு வால். ஒருவரும் தொடாமல் அது தானாக நிமிர்ந்தது.

"சேச்சி, ஒரு மூலை இப்பவும் பொங்கி நிக்குது" என்று கிரிஜா கத்தினாள். "இன்னும் சூடு வேணம். வெள்ளம் ஒழிக்கட்டா?"

கொதிநீர் ஊற்றக் கெட்டிலைக் கையில் எடுத்துவிட்டாள். நான் குனிந்து பார்த்தேன். தூக்கி நின்றது இடது பின்மூலை.

"போதும் அண்ணாச்சி, தூக்குங்க!"

தூக்கிய கண்ணாப்பையைப் பச்சைத் தண்ணீரில் இறக்கவைத்தேன். உடல் இறுகியதும் எடுத்துக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்தேன். மூன்று மூலை படிந்தது. இடது பின்மூலையின் கீழே ஒரு தாளைச் செருகினேன். நுழைந்தது. அடித்தட்டைக் கொண்டுவந்து பொருத்தினேன். க்ளிக் என்று உட்கார்ந்தது, முதல் நாள் உட்கார்ந்த மாதிரியே. அச்சில் பிறந்த கோணல் திரும்பி வந்துவிட்டது என்றால் அதற்கு மேல் திரும்ப வேண்டியது எதுவும் இல்லை. அந்த மூலையை நான் முன்பே பார்த்து வைக்காமலிருந்தால் கிரிஜா சொன்னபடி இன்னும் சூட்டை ஏற்றியிருப்போம், அடுத்த நிமிஷம் ஆணித் தலைகள் மழுங்கியிருக்கும். வாழ்நாளில் எத்தனையோ குறைகளைத் தேய்த்துத் தேய்த்து அழித்திருக்கிறேன். ஒரு குறையைக் கண்டு கண்ணில் தண்ணீர் வந்தது அன்றுதான்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். முதல் நாள் பார்ப்பது திருத்துவதற்காக மட்டுமல்ல. எங்கே நிறுத்த வேண்டும் என்று பிறகு ஒரு நாள் தெரிய வேண்டியிருக்கும். அந்த நாள் எது என்று பெட்டியைப் பிரிக்கும்போது தெரியாது.

"இனி அந்த மூலையை அமுக்கிரட்டா?" என்று கேட்டேன்.

"அது என்ன செஞ்சுது உன்னை? கிடக்கட்டும்" என்றார். அவர் கார் பக்கம்கூடத் திரும்பவில்லை. கண்ணாப்பை பிடித்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பது வருஷமா இந்தக் கிட்டுல நான் ஒரு வேலையும் செய்யல்லே, கேட்டியா" என்றார்.

அதன் பிறகு நடந்தது வழக்கமான வேலை. ஐப்பசித் துலாமழையின் ஈரத்தில் பெயின்ட் வெளுத்துப்போகாமலிருக்க கிரிஜா மழை விட்ட நேரம் பார்த்துக் காத்திருந்து நீலம் அடித்தாள். ஜன்னலில் வெளுத்த ஒட்டிகள் பால் மாதிரி வெள்ளையாகிவிட்டன. தீபாவளிக்கு முன் அண்ணாச்சி காரை வாங்கிக்கொண்டு போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஆடாமலிருக்க அடியில் திருகாணி போட்டிருந்தேன். படி இறங்கும்போது சத்தமே வரவில்லை.

ஆப்பரேஷன் முடிந்து, மார்கழி வாக்கில், ஒரு நாள் பட்டறைக்கு வந்தார். பேச்சு கொஞ்சம் மெதுவாகியிருந்தது. ஒவ்வொரு வார்த்தையையும் வைத்து வைத்துப் பேசினார். கிரிஜா டீ கொண்டுவந்தாள். வலது கையால் கிளாஸை வாங்கினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. நாங்கள் இருவரும் அந்தக் கையையே பார்ப்பதைக் கண்டு சிரித்தார்.

டீயைக் குடித்து முடித்து, அடுப்பின் மேலிருந்த அதே பெரிய பாத்திரத்தைக் காட்டினார்.

"இனி இன்னொரு காரு வளைஞ்சா என்னைக் கூப்பிடாத பகவதி" என்றார் மெதுவாக. "இப்ப அந்த வேலை எனக்கு வராது."